அறைச்சத்தம்

ஒன்பது படப்பிடிப்பு நாளும் ஒரே நீலச் சட்டை.
வெட்டி ஒட்டும்போது திங்களும் வியாழனும்
ஒரே பின்னேரமாகிவிட வேண்டுமாம்.
இரவில் தோய்த்து, வெள்ளவத்தை அறையில்
விசிறிக்குக் கீழே தொங்கவிடுவேன்.
ஐந்தாம் நாள் துவான் ஜல்தீன் கேட்டார்:
"பிள்ளைக்கு வேற உடுப்பு இல்லையா?"

கொம்பனித்தெரு. ரயில் பாதைக்கும்
நாற்பத்திரண்டு மாடிக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை.
கதவுகளில் சிவப்பு இலக்கம்.
அவருடையது அறுபத்தேழு.
குதிரைப் பந்தயக் கடையில் முப்பது வருடம்
துண்டு எழுதிய கை;
இலக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"வெல்லாத நம்பர்."
மைக் அப்போது அணைந்திருந்தது.

முதலில் ஹசங்கவுக்கு எல்லாம் தெரிந்த குரல் வேண்டும்:
ஆண்டு, பரப்பளவு, குடும்பங்களின் தொகை.
வாசித்தேன். என் குரலில்
முகவரியே இல்லாத ஒருத்தி
பேய்ரா வாவிக்கு மேலே மிதந்தாள்.
அவளுக்கு வியர்க்கவில்லை.

எனக்கு வியர்த்தது. கமராவிடம் பேசியபடி நடந்தேன்.
எனக்கு முன்னே பின்பக்கமாய் நடக்கும் கயானை
இடுப்பில் பிடித்து ஒருவன் கொண்டுபோவான்,
கான் வந்தால் இழுப்பான்.
ஏழாம் தரம் நடக்கையில்
வாங்கிலில் இருந்த பெடியன்கள்
என் வசனத்தை எனக்கு முன்னால் சொல்லி முடித்தார்கள்.

அடுத்த கிழமை மனம் மாறிவிட்டான்.
இனிக் கேள்வி இல்லை, விளக்கம் இல்லை,
சுவர்ப் பல்லி மாதிரி இருப்போம் என்றான்.
நான்கு பல்லிகள், ஒரு முக்காலி, பத்தடி அறை.
மருமகள் சிஃபானா எங்களைத் தாண்டித் தாண்டிச்
சோறு வடித்தாள்.
இயல்பாக இருங்கள் என்றோம்.
சிவப்பு வாளி மட்டும் கண்ணை உறுத்தியது,
வெளியே வைத்தோம்.
அன்று முழுக்கத் தண்ணீருக்கு அவள் வெளியே போய்வந்தாள்.
பதிவாகியிருக்கிறது,
அவளுடைய வழக்கமாக.

கதவைத் திறக்கும் காட்சி நான்கு தரம்.
நாலாவதில் நன்றாகத் திறந்தார்,
முதல்முறை போலவே.

பிறகு என்னைச் சட்டகத்துக்குள் இழுத்தார்கள்.
ப்ளாஸ்டிக் கதிரை, கையில் ப்ளேன்டீ, கேட்பவள்.
கேட்டேன்: இந்த வீடு உங்களுக்கு என்ன?
கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த சின்ன மைக்கை
நெடுநேரம் பார்த்தார்.
"உங்கட வீடு எங்க?"
வாடகை என்றேன்.
"அதுக்கு முந்தி?"
அதுவும்.
"அதுக்கும் முந்தி?"
ரயில் வந்தது. நல்ல வேளை.
அது போன பிறகும் அவர் காத்திருந்தார்,
நான் அவரிடம் காத்திருப்பது போலவே
தலையைக் கொஞ்சம் சாய்த்து,
வெறுமையை நானே நிரப்பட்டும் என்று.
தொழில் ரகசியம். எப்போது களவெடுத்தாரோ.
சொன்னேன்.

ஹசங்க அதை வெட்டினான்.
படம் அவரைப் பற்றியது என்றான். சரிதான்.
பிறகு ஓர் இரவு தொலைபேசியில்:
இல்லை, அதுதான் படம்,
நாங்களும் தெரியட்டும், கமராவும் தெரியட்டும்,
வயரின் வால்கூட.
காலையில் மறுபடி மாறினான்.

கடைசி நாள், எல்லாம் சுருட்டுமுன்
ருசைக் கையைத் தூக்கினான். ஒரு நிமிடம்
யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது.
அறையின் வெறும் சத்தம் வேண்டும்,
வெட்டின இடங்களுக்கு அடியில் போட.
நின்றோம். விசிறியின் ஓர் இதழ் தட்டியது.
பக்கத்துக் காணியில் தூண் இறக்கும் இயந்திரம்.
சிஃபானா கன்னம் உப்ப மூச்சைப் பிடித்திருந்தாள்.
நாற்பத்தோராவது நொடியில் ஜல்தீன் இருமினார்.
கையால் மன்னிப்புக் கேட்டார்.

மார்ச்சில் அறுபத்தேழை இடித்தார்கள்.
அவர்களுக்குத் தெமட்டகொடைப் பக்கம் பதினோராம் மாடி.
நுகேகொடையில் ஒலிக்கூடம், சரியான குளிர்.
என் குரலுக்கு அடியில் அந்த நிமிடத்தை
ருசைக் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.
இருமலை எடுக்கவா என்றான்;
விட்டால் நிமிடத்துக்கு ஒருதரம் இருமுவார்,
படம் முடியும்வரை.

இருக்கட்டும் என்றேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவனுக்கு
'இருமட்டும்' என்று கேட்டிருக்கிறது.
தலையாட்டிவிட்டு
அடுத்த பக்கம் என்றான்.